பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண் ஒருத்தி இறந்துபோனால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வரவேண்டும். அதற்குக் கோடி என்று பெயர். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுவந்து உடம்பின்மேல் போர்த்த வேண்டும். அது வராமல் தூக்க மாட்டார்கள். வெயில் ஏறினாலும் மழை கொட்டினாலும், கோடி வந்துவிட்டதா, கோடி வந்துவிட்டதா என்று தெருவே வழி பார்த்துக்கொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்தே இதைப் பார்த்து வந்த எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சேலையை எப்படி எடுக்கிறார்கள்? கடையில் நின்று, இந்தக் கலர் அவளுக்கு எடுப்பாக இருக்குமா என்று யோசிப்பார்களா? நாலைந்தைப் புரட்டிப் பார்ப்பார்களா? இல்லை, கைக்கு வந்ததை வாங்கிச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்துவிடுவார்களா? இதையெல்லாம் கேட்டால் வாயிலேயே போடுவார்கள். அதனால் பல வருஷம் யாரிடமும் கேட்காமல் இருந்தேன்.

அப்போது காரைக்குடிக்கு ரயில் வந்த புதிது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செட்டியார் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. என் வீட்டுக்காரர் அந்த வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்கிற ஆசாரி. எதிர்வீட்டுக்காரர் அதே வீடுகளுக்குச் சுவர் எழுப்புகிற கொத்தனார். அவர் மனைவிதான் என் சிநேகிதி. ஆண்கள் வெள்ளனத்திலேயே வேலைக்குப் போய்விட்டால் பொழுது சாயும்வரை தெரு எங்கள் ராஜ்யம். எனக்குப் பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள். அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு பேருக்கும் நாற்பது வயது இருக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அவளுக்குச் சிரிப்பு வரும். நான் யாரையாவது திட்டிக்கொண்டு வந்து நின்றால், அவள் முதலில் அந்த ஆள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்பாள்.

அப்படியொரு சேலைப் பைத்தியம் அவள். தன்னிடம் இருந்தது மாற்றுக்கு மூன்று. ஆனால் தெருவில் யார் எப்போது எந்தச் சேலை எடுத்தார்கள், எந்தச் சேலை சாயம் போனது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பொங்கல் வந்தால் மட்டும் வாசலுக்கு வரமாட்டாள். எல்லோருக்கும் பிறந்த வீட்டுச் சீர் வரும், அவளுக்கு வராது. கானாடுகாத்தானில் ஒரே அண்ணன், விவசாயக் குடும்பம். செவலைப் பசு ஈன்றால் முதல் கன்று தங்கச்சிக்கு என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தாராம். ஈன்ற கன்றை அவர் மனைவி தன் தாய்வீட்டுக்கு ஓட்டிவிட்டாள். இவள் போய் வாசலில் நின்று சத்தம் போட்டிருக்கிறாள். அன்றோடு போக்குவரத்து நின்றது. ஒரு கன்றுக்குட்டிக்காகவா என்று நான் கேட்டபோது, அவளுக்குச் சிரிப்பு வராத ஒரே பேச்சு அது என்று தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் அவள் வயிற்றில் ஒரு கட்டி வந்தது. சாப்பாடு குறைந்தது, உடம்பு வற்றியது. பத்தியம், கஷாயம் எல்லாம் கொடுத்துப் பார்த்த வைத்தியர் ஒருநாள் கொத்தனாரை வாசலுக்குக் கூப்பிட்டு, இனிமேல் பத்தியம் வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொத்தனார் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"வைத்தியரு என்ன சொல்லிட்டுப் போறாக?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. தேறிருவன்னு சொல்றாக."

"பொய் சொல்லாத. எனக்கும் காது இருக்கு. கேட்டதக் குடுங்கன்னு சொல்லிட்டாக." பிறகு, "இத்தன வருசத்துல நான் கேட்டது எது கெடச்சுச்சு? இப்ப வைத்தியரே உத்தரவு போட்டுருக்காக. நான் கேக்கப்போறேன், பாத்துக்க" என்றாள்.

சொன்னபடியே கேட்டாள். முதலில் கருவாட்டுக் குழம்பு. நான் வைத்துக் கொண்டுபோனேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் மிச்சத்தை மோந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் தலைக்கு எண்ணெய் வைத்து நன்றாக இழுத்துக் கட்டிவிடச் சொன்னாள். செத்தால் யார் யார் நிஜமாக அழுவார்கள், யார் அழுவதுபோல் நடிப்பார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் தெருவை ஒவ்வொரு வீடாக அலசினோம். சாவைப் பற்றி இப்படிச் சிரித்துப் பேசலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பயமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும் போலவும் இருந்தது.

"ஒனக்கு இன்னும் என்ன வேணும்? சொல்லு" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொறந்த வீட்டுச் சேல ஒண்ணு கட்டணும்."

"அதுக்கு ஒங்க அண்ணன்ல வரணும்."

"வருவாக. கோடியத் தூக்கிக்கிட்டுக் கட்டாயம் வருவாக. ஆனா அத நான் பாக்க மாட்டேனே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

கானாடுகாத்தானுக்குச் சுண்ணாம்பு ஏற்றிப்போகிற வண்டிக்காரரிடம், தங்கச்சி நிலைமை சரியில்லை, உயிரோடு முகத்தைப் பார்க்க வேண்டுமானால் வரச் சொல்லுங்கள் என்று அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

அண்ணன் தன் மனைவியோடு வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பழமும் பனங்கற்கண்டும் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கோ அவர் வேறு என்ன மூட்டை இறக்குகிறார் என்பதிலேயே கண். ஒன்றும் இறக்கவில்லை. உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து, கண்மாயில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, மாடு என்ன விலை போகிறது என்று மச்சானிடம் பேசினார். தங்கச்சியிடம், "ஒடம்பப் பாத்துக்க" என்றார். அவளும், "சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். இதற்கா இத்தனை தூரம் மாட்டை அடித்துக்கொண்டு வந்தார் என்று நான் பல்லைக் கடித்தேன்.

கிளம்பும் நேரத்தில் என் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்றார். கையில் ஒரு துணிமூட்டை. வண்டியில் வைக்கோலுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"ஏத்தா, இது ஒங்க வீட்டுல இருக்கட்டும்."

"என்னண்ணே இது?"

தரையைப் பார்த்தார். "நாங்க இருக்கிறது தூரம். திடுக்குன்னு தகவல் வந்தா, அந்நேரம் கடை தொறந்திருக்குமோ என்னமோ. கையோட எடுத்து வச்சுட்டா அலைய வேணாம்னு எம் பொஞ்சாதிதான் சொன்னா. எங்க வீட்டுல வைக்கக் கூடாதுங்கிறாக. தங்கச்சி வீட்டுலயும் வைக்கக் கூடாதுல்ல."

"அப்ப எங்க வீட்டுல மட்டும் வைக்கலாமாக்கும்?"

அவர் மூட்டையை நீட்டியபடியே நின்றார். நல்ல சூடாக நாலு கேள்வி கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த ஆகிருதியான மனிதர் திருடிவிட்டு அகப்பட்டவர்போல் நின்ற நிலையைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து விஷயம் தெரிந்ததும், "சாவுச் சேலைய வீட்டுல வச்சுக்கிட்டு எப்படிச் சோறு எறங்கும்?" என்று குதித்தார். கடைசியில் பட்டறையில் அடுக்கியிருந்த தேக்குப் பலகைகளின் மேலே கொண்டுபோய் வைத்தார்.

மறுநாள் அவர் தலை மறைந்ததும் பலகைமேல் ஏறினேன். எத்தனை வருஷத்துச் சந்தேகம், அதை அவிழ்க்காமல் விடுவேனா? ஏதாவது மட்டச் சரக்காகத்தான் இருக்கும், அடுத்த தடவை அந்த ஆளை நார்நாராகக் கிழித்துவிட வேண்டும் என்று எண்ணிக்கொண்டேதான் முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே இருந்தது கண்டாங்கி. கத்தரிப்பூக் கலரில் கட்டம் போட்டு, மஞ்சள் கரை. கரை என் கை அகலத்துக்கு இருந்தது. நூல் அழுத்தமான நூல். கைக்கு வந்ததை உருவிய சேலை இல்லை அது. எடுத்தவர் கடையில் நெடுநேரம் நின்றிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இவ்வளவு ஆசையாக எடுக்கத் தெரிந்த மனிதருக்கு அதை உயிரோடு இருக்கிறவள் கையில் கொடுக்கத் தெரியவில்லையே! அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பத்தான் தெரியும்!

முகத்தை எவ்வளவு மாற்றி வைத்துக்கொண்டு போனாலும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு கேள்வியில் என்னைக் கக்கவைத்தாள். நான் செய்தது தப்போ என்று பதறிப்போனேன். பிறகு மெதுவாக, "என்ன கலரு?" என்றாள்.

சொன்னேன்.

"கரை?"

"மஞ்சள். என் கை அகலம்."

"கொண்டா."

"ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா? அது கோடி. உசுரோட இருக்கிறவ தொடக் கூடாது."

"யாருக்கு எடுத்தாக?"

"ஒனக்குத்தான்."

"அப்பக் கொண்டா. கேட்டதக் குடுக்கணும்."

கட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. அப்படி ஒருத்தி கட்டிப் பார்த்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆகாது ஆகாது என்கிறார்களே தவிர, ஏன் ஆகாது என்று எவரும் சொன்னதில்லை. குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் அவளுக்குக் கட்டிவிட்டேன். அதற்குள்ளும் என்னதான் நடக்கும் பார்ப்போம் என்று ஒரு குறுகுறுப்பு. உடம்பு வற்றிப்போயிருந்ததால் சேலை ஒரு சுற்று கூடுதலாகவே சுற்றியது. கட்டி முடித்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, குனிந்து கரையைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி கேட்டாள். சாயங்காலம் கொத்தனார் வந்து பார்த்து, "ஏது, நல்லாருக்கே" என்றார். "எங்க அண்ணன் எடுத்தாக" என்று சொன்னாள். அதில் பொய் ஏதும் இல்லையே. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து முந்தியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆகாத சேலையைத் தொட்டோம் என்று ஒருத்திக்கும் தெரியாது. அவர்கள் போனதும் நாங்கள் சிரித்த சிரிப்பில் அவளுக்கு இருமலே வந்துவிட்டது.

இத்தோடு விடுவாள் என்று நினைத்தேன். நாலைந்து நாள் போனதும், "அண்ணன் வீட்டுக்குப் போகணும்" என்றாள்.

"எதுக்கு? சண்டை போடவா?"

"சேல எடுத்துக் குடுத்தா, கட்டிக்கிட்டுப் போய்க் காட்ட வேணாமா?"

வண்டியில் போனால் குலுக்கல் தாங்கமாட்டாள். ரயில்தான் இருக்கிறதே என்றாள். கொத்தனாருக்கு அவளிடம் மறுத்துப் பேச மனமில்லை. வேலைக்குப் போகிற வழியில் எங்களை ஸ்டேஷனில் கொண்டுவந்து ஏற்றிவிட்டார். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் ரயில். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்தேன். கரித்தூள் வந்து விழ விழ, சேலையைத் தட்டிக்கொண்டே வந்தாள். மரமெல்லாம் ஏன் பின்னால் ஓடுகிறது, பக்கத்து மரம் வேகமாகவும் தூரத்து மரம் மெதுவாகவும் ஏன் ஓடுகிறது என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. எதிரே இருந்த ஒரு பெண், "சேல நல்லாருக்கே, என்ன விசேசம்?" என்று விசாரித்தாள். "பொறந்த வீட்டுக்குப் போறோம்" என்று என் சிநேகிதி கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். இறங்க வேண்டிய இடம் சீக்கிரம் வந்துவிட்டது என்று அவளுக்கு வருத்தம்.

ஸ்டேஷனிலிருந்து ஒரு வண்டி பிடித்து மெதுவாக ஓட்டச் சொல்லி அண்ணன் வீட்டுக்குப் போனோம். வாசலில் அவர் மனைவி நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சேலையைப் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. சுளகு கையிலிருந்து நழுவி நெல்லெல்லாம் சிதறியது. "ஆத்தாடி" என்று ஒரு குரல் எழும்பியது. மாட்டுக் கொட்டடியில் இருந்த அண்ணன் ஓடிவந்தார். தான் எடுத்த கோடியைக் கட்டிக்கொண்டு தங்கச்சி வாசலில் நிற்கிறாள். மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் பேயாக வந்திருக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தாராம். பின்னால் அவரே சொன்னார்.

"பயப்படாதீக அண்ணே, இன்னும் போகல" என்றாள் அவள். "சேல நல்லா எடுத்திருக்கீக. கலரு எனக்குப் பிடிச்சிருக்கு. அன்னைக்கு என்னால சொல்ல முடியாதுல்ல. அதான் இப்பவே சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். நான் அவரைத் திட்ட வழியெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுகூட வெளியே வரவில்லை.

கொஞ்சம் தேறினதும் எனக்கு அடக்க முடியாமல், "எப்படிண்ணே எடுத்தீக?" என்று கேட்டுவிட்டேன். "மத்ததுக்கு எடுக்கிற மாதிரி எடுக்க வரலத்தா. கடைக்காரரு எடுத்துப்போட்டத வேணாம்னேன். எல்லாத்தையும் எறக்கச் சொன்னேன். அவ சின்னப்பிள்ளையில இந்தக் கலருக்குத்தான் அழுவா" என்றார். மதினி உள்ளே போய் உலை வைத்தாள். சாப்பிடும்போது அவளாகவே கன்றுக்குட்டிப் பேச்சை எடுத்து, செய்தது தப்புத்தான் என்றாள். என் சிநேகிதி, "விடுங்க மதினி, அது இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கிளம்பும்போது வண்டியருகே வந்தார். "இத நீ கட்டிட்ட. நான் இன்னொண்ணுல்ல எடுக்கணும்" என்றார். "என்ன கலர்ல வேணும்?"

ஒரு அண்ணன் தங்கச்சியிடம் அவள் கோடிக்கு என்ன கலர் வேண்டும் என்று கேட்டது உலகத்தில் அது ஒரு தடவையாகத்தான் இருக்கும். அவளும் கடையில் உட்கார்ந்திருக்கிறவள்போல் நிதானமாக யோசித்தாள். "மாம்பழக் கலரு, அரக்குக் கரை" என்றாள். வண்டி நகர்ந்தபின், "அவசரமில்லண்ணே, நல்லாத் தேடி எடுங்க" என்று திரும்பிச் சொன்னாள்.

அதற்கப்புறம் கத்தரிப்பூச் சேலையைத்தான் துவைத்துத் துவைத்துக் கட்டினாள். பழையதெல்லாம் கொடியில் கிடந்தது. அண்ணன் அடிக்கடி ரயிலில் வந்து போனார். வந்தால் பேசமாட்டார். அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அறுவடை தொடங்குகிற சமயத்தில் ஒரு விடியற்காலை அவள் போய்விட்டாள். பொங்கலுக்கு இன்னும் நாள் இருந்தது.

ஆள் உடனே கானாடுகாத்தானுக்குப் போனது. மதினியும் சொந்தக்காரர்களும் காலையிலேயே வந்துவிட்டார்கள். அண்ணனைக் காணோம். உச்சி ஆனது, வெயில் இறங்கியது. தெரு முணுமுணுக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் வராதவர் இப்போது மட்டும் வருவாரா என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் அவர் வாயை மூடிக்கொண்டார். எனக்குள்ளும் ஆத்திரம்தான். வைத்தியர் கைவிட்டவுடனேயே கோடி எடுத்து வைத்த மனிதர், கலரெல்லாம் கேட்டுக்கொண்ட மனிதர், இந்தத் தடவை எங்கே தொலைந்தார்?

பொழுது சாயும் நேரத்தில் வந்தார். காலெல்லாம் புழுதி. எல்லோரும் பாய்ந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "அவ உசுரோட இருக்கையில அந்தக் கடைப்படி ஏற எனக்குக் கால் வரலத்தா. காலையில தகவல் வந்தப்புறந்தான் தேடக் கெளம்புனேன். தேவகோட்டை வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றார். பிறகு அவள் தலைமாட்டில் குந்தி, "மாம்பழக் கலரு கெடச்சிருச்சுத்தா. கரைதான் அரக்கு இல்ல, பச்சையாப் போச்சு. கோவிச்சுக்காத" என்றார். நேரமாகிறது, சீக்கிரம் போர்த்துங்கள் என்று பின்னாலிருந்து அவசரப்படுத்தினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. மடிப்பைப் பிரித்து, முந்தியை இரண்டு கையாலும் விரித்து, கடையில் காட்டுவதுபோல அவள் முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் பிடித்துக் காட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் போர்த்தினார்.